சால்டாவில் இரண்டரை நாள்: மகளை அந்த அறைக்குள் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கணவருக்கு புவெனோஸ் அய்ரெஸில் வேலை. செப்டம்பர் 14 மதியம் அர்ஜென்டினாவின் வடமேற்கிலுள்ள சால்டாவில் இறங்கி 16 மாலை திரும்புகிறீர்கள். கூட ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார். பூங்கா, மியூசியம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "அந்த மம்மி மியூசியத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா, பயந்துவிடுவாளா?" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் நிறைய எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் வழியில் வரும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சால்டா மாகாணத்தின் மேற்கே பூனா என்கிற உயர்ந்த பீடபூமி இருக்கிறது. அங்குள்ள உப்புத் தளங்களில் லித்தியம் எடுக்கிறார்கள். அந்த உப்பு நீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நாலரை வருஷம் வேலை பார்த்தேன். 14 நாள் மேலே, 14 நாள் கீழே ஊரில். கீழே இருக்கும் நாட்களில் சமைப்பது, துணி துவைப்பது போக எனக்கு வேறு வேலை கிடையாது. அதனால் ஊரை நன்றாகச் சுற்றினேன், வந்த விருந்தாளிகளையும் சுற்ற வைத்தேன். படித்தது வேதியியல், தொல்லியல் இல்லை. ஆகவே பின்னால் அந்த மம்மியின் தலைமுடியின் வேதியியல் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். இன்காக்களின் நம்பிக்கை பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்து போட்டீர்களா, தானாக அமைந்ததா? செப்டம்பர் 15 சால்டாவின் மிகப் பெரிய நாள். 'மிலாக்ரோ' என்பார்கள், அற்புதத் திருவிழா. 1692 செப்டம்பர் 13 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. எஸ்தேகோ என்ற பக்கத்து நகரம் அழிந்தே போனது, சால்டா தப்பியது. இவ்வளவும் வரலாறு. மாதா சிலை உயரத்திலிருந்து விழுந்தும் உடையாமல் கிடந்தது, நூறு வருஷமாகக் கோயிலுக்குள் யாரும் கவனிக்காமல் இருந்த இயேசு சிலையை வெளியே எடுத்து ஊர்வலம் விட்டதும் நில அதிர்வு நின்றது என்பது ஊரின் நம்பிக்கை. அந்த இயேசு சிலை ஸ்பெயினிலிருந்து 1592-ல் ஒரு பெட்டியில் மிதந்து பெருவின் கரையை வந்தடைந்ததாகவும் சொல்வார்கள். அதை அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்தே வருவார்கள். ஒரு வருஷம் என் 14 நாள் முடிந்து பிக்அப் வண்டியில் 51-ஆம் எண் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். தோரோ பள்ளத்தாக்கில் ஒரு வளைவு திரும்பியதும் சாலை முழுக்க மனிதர்கள். முன்னால் ஒருவர் தோளில் சின்னப் பெட்டிக்குள் மாதா சிலை, பின்னால் பெரிய மேளம், மூங்கில் குழல் ஊதுகிறவர்கள். உதடுகள் வெயிலில் வெடித்திருந்தன. ஒரு பாட்டி ரப்பர் செருப்போடு நடந்தார். காலில் சுற்றியிருந்த துணி புழுதியில் சாம்பல் நிறமாகியிருந்தது. எங்கள் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. சால்டாவில் நான் பார்த்தவற்றில் எது முதலில் ஞாபகம் வருகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் எனக்குக் கோயில் பழக்கம் குறைவு.

சரி, உங்களுக்கு என்ன செய்தி? 15-ஆம் தேதி பிற்பகல் ஊர்வலம் பேராலயத்திலிருந்து கிளம்பி 'பிப்ரவரி 20' நினைவுச்சின்னம் வரை போகும். லட்சக்கணக்கில் கூட்டம். நடு ஊரில் வண்டி நகராது. அன்று மியூசியம், கடை எதையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். மாமியாரை மைய சதுக்கத்துக்கோ ஊர்வலம் முடியும் இடத்துக்கோ கூட்டிப் போக வேண்டாம், இரண்டிலும் நெரிசல். பாதி வழியில் ஏதாவது ஒரு குறுக்குத் தெரு முனையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுங்கள். அங்கே முதியவர்களுக்கு இடம் விடுவார்கள். முடியாவிட்டால் விடுதித் தொலைக்காட்சியில் நேரலை ஓடும். சிலைகள் வரும்போது கார்னேஷன் பூக்களைத் தூவி வெள்ளைக் கைக்குட்டைகளை அசைப்பார்கள். மகளிடம் ஒரு கைக்குட்டை கொடுத்து வையுங்கள்.

மியூசியத்தை 16-ஆம் தேதி காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 9 சதுக்கத்தின் மேற்குப் பக்கம், உயர்மலைத் தொல்லியல் அருங்காட்சியகம். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உள்ளூரில் 'மாம்' என்பார்கள். டாக்ஸிக்காரரிடம் அதைச் சொன்னாலே போதும். 2004-ல் திறந்தது. வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை, காலையில் சற்றுத் தாமதமாகத்தான் திறப்பார்கள். 16 திங்களாக இருந்தால் மட்டும் 14-ஆம் தேதி இறங்கியதுமே போய்விடுங்கள்.

உள்ளே இருப்பது இதுதான். அர்ஜென்டினா, சிலி எல்லையில் யூயய்யாக்கோ என்ற எரிமலை, 6,739 மீட்டர் உயரம். 1999 மார்ச்சில் யோஹன் ரைன்ஹார்ட், கொன்ஸ்தான்சா செருத்தி இருவரின் தலைமையில் ஏறிய குழு உச்சிக்கு அருகே மூன்று குழந்தைகளைத் தோண்டி எடுத்தது. பதின்வயதுப் பெண் ஒருத்தி, சிறுவன் ஒருவன், சிறுமி ஒருத்தி. சுமார் ஐந்நூறு வருஷத்துக்கு முன் இன்கா அரசின் 'கபாகோச்சா' என்ற சடங்கில் பலி கொடுக்கப்பட்டவர்கள். எகிப்து மம்மி மாதிரி உறுப்புகளை எடுத்து மருந்து பூசியதெல்லாம் இல்லை. குளிரும் வறட்சியுமே அப்படியே காத்து வைத்திருக்கின்றன. சிறுமியின் உடலில் மின்னல் தாக்கிய கருகல் இருக்கிறது. அதனால் அவளை 'மின்னல் சிறுமி' என்கிறார்கள். மூத்தவளை 'கன்னி' என்பார்கள். தலைமுடியை மெல்லிய சடைகளாகப் பின்னி, கால்களை மடக்கி, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மேலுதட்டில் கோகா இலைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. நேற்றுத் தூங்கிப்போனவள் மாதிரி என்று எல்லோரும் எழுதுவார்கள். நேரில் நின்றபோது எனக்கும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மூன்று பேரையும் ஒன்றாகக் காட்ட மாட்டார்கள். முறை வைத்து ஒருவரை மட்டும், ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரியில், ஆக்சிஜன் குறைக்கப்பட்ட கூட்டுக்குள். நீங்கள் போகும்போது யார் இருப்பார் என்பது அந்த மாதத்தைப் பொறுத்தது. படம் எடுக்க அனுமதி இல்லை. உடல் இருக்கும் அறை தனியாக, மங்கலான வெளிச்சத்தில் இருக்கும். அதற்குள் நுழையாமலே மியூசியத்தின் மற்ற பகுதி முழுவதையும் பார்க்கலாம். இது உங்களுக்கு முக்கியம்.

ஏனென்றால் நான் ஒரு தப்பு செய்தேன். நண்பர் குடும்பம் வந்திருந்தது, ஆறு வயதுப் பையன் ஒருவனோடு. நேரம் இல்லை என்று நேரே அந்த அறைக்குக் கூட்டிப் போய்விட்டேன். அன்றைக்கு இருந்தவள் கன்னி. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த அக்காவை ஏன் ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவன் பயப்படவில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை, அவன் அப்பா அவனை வெளியே இழுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை என்று மறுநாள் சொன்னார்கள். பார்த்ததைவிட, பெரியவர்கள் வாயடைத்துப் போனதுதான் அவனை உலுக்கியது என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. முதலில் பொருட்கள். குழந்தைகளோடு புதைத்த நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் இருக்கின்றன. விரல் நீளத்தில் தங்கப் பொம்மை, வெள்ளிப் பொம்மை, சிவப்புச் சிப்பியில் செதுக்கிய பொம்மை. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து நெய்த துணி, தலையில் இறகுக் கிரீடம். குட்டி லாமாக்கள், செருப்புகள், பைகள். அந்தச் சிப்பி ஸ்பாண்டிலஸ் வகை. எக்வடோர் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் கிடைப்பது. அங்கிருந்து அது இந்தப் பனிமலை உச்சிவரை வந்திருக்கிறது என்றால் எத்தனை பேர் கைமாறியிருக்கும்! ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த இடமே ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கேயே உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள், பலி என்ற சொல்லையும் மறைக்க வேண்டாம். அப்புறம், "அடுத்த அறையில் அவர்களில் ஒருவர் இருக்கிறார், பார்க்கிறாயா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். மாமியாரும் அவளும் வெளியே உட்காரட்டும், நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். இந்த முறையில் நான் கூட்டிப் போன குழந்தைகளில் பாதிப் பேர் உள்ளே வரவில்லை. யாரும் அழவும் இல்லை.

என்ன பதில் சொல்வது என்று தெரிய வேண்டுமே, அதற்கு வருகிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சாப்பிட்டதும் குடித்ததும் அதில் பதிந்துகொண்டே போகும். வேரிலிருந்து நுனிவரை அளந்தால் ஒரு நாட்குறிப்பைப் பின்னோக்கிப் படிக்கிற மாதிரி. 2013-ல் வெளியான ஆய்வில் கன்னியின் முடியை இப்படி அளந்தார்கள். இறப்பதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்பிருந்து அவள் சாப்பாடு மாறுகிறது. சோளமும் இறைச்சியும் கூடுகின்றன, அதாவது வசதியான சாப்பாடு. கோகா சட்டென்று ஏறுகிறது. கடைசி வாரங்களில் மதுவின் தடயம் உச்சத்துக்குப் போகிறது, சோள மதுவாக இருக்க வேண்டும். ஆக, அவளைத் தேர்ந்தெடுத்து, தயார்படுத்தி, கடைசியில் அரை மயக்கத்தில் மலைமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். முடி சொல்வது இவ்வளவுதான். அவள் சம்மதித்தாளா, பெருமையாக நினைத்தாளா, பயந்தாளா என்பது எந்தக் கருவியிலும் பதியாது. அந்த மயக்கத்திலேயே குளிரில் இறந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சிறுவனைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அவன் எப்படி இறந்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. "தெய்வமாகப் போனார்கள்" என்று வழிகாட்டி சொன்னால் அது இன்காக்களின் பார்வை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவர்களைக் காட்டலாமா என்பது ஊரில் இன்னும் ஆறாத விஷயம். மலையிலிருந்து இறக்கியதே தவறு, அவர்கள் எங்கள் முன்னோர் என்று பூர்வகுடிச் சமூகங்களில் பலர் எதிர்த்தார்கள், இன்னும் எதிர்க்கிறார்கள். மேலேயே விட்டிருந்தால் புதையல் திருடர்கள் வெடி வைத்துப் பெயர்த்திருப்பார்கள் என்று மறுபக்கம் சொல்கிறது. அதே மியூசியத்தில் 'மலையின் அரசி' என்று இன்னொரு உடல் இருக்கிறது. 1920-களில் வேறொரு மலையிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்து, பல தனியார் கைகளுக்கு விலை போய், கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பயம் பொய் இல்லை என்பதற்கு அவளே சாட்சி. இதே நாட்டில் லா பிளாத்தா இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் பூர்வகுடிகளின் உடல்களைக் காட்சியிலிருந்து 2006-ல் எடுத்துவிட்டது. கேட்கும் சமூகத்திடம் அவர்களின் முன்னோர் உடல்களை ஒப்படைக்க வேண்டும் என்று 2001-லேயே ஒரு சட்டமும் வந்தது. நான் எந்தப் பக்கம் என்றால், பொருட்களைக் காட்டட்டும், குழந்தைகளைக் காட்ட வேண்டியதில்லை என்ற பக்கம். ஆனாலும் நானே நாலைந்து முறை உள்ளே போய்ப் பார்த்தவன்தான். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கன்னியின் உதட்டில் இருந்த அதே இலையை நீங்கள் வெளியே வந்ததும் பார்ப்பீர்கள். சால்டாவில் பெட்டிக்கடையிலேயே கோகா விற்கிறது. ஓட்டுநர், வக்கீல், போலீஸ் என்று எல்லோர் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருக்கும். அர்ஜென்டினாவின் 1989 போதைப்பொருள் சட்டமே, இலையாக மெல்வதையும் கொதிக்க வைத்துக் குடிப்பதையும் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கூடவே ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்ப்பார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எதற்கோ இதற்கும் அதே கணக்குதான், காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) சேர்ந்தால்தான் சாரம் இறங்கும். உங்கள் மாமியாருக்கு வெற்றிலைப் பழக்கம் இருந்தால் பார்த்தவுடனே புரிந்துவிடும். ஆனால் ஒரே ஓர் இலையைக்கூட ஞாபகப் பொருளாகப் பையில் வைத்து இந்தியாவுக்குக் கொண்டு போகாதீர்கள். நம் ஊர்ச் சட்டத்தில் அது போதைப்பொருள்.

மியூசியத்திலிருந்து வெளியே வந்தால் சதுக்கத்தைச் சுற்றி நாரத்தை மாதிரி கசப்பு ஆரஞ்சு மரங்கள். தெற்கே கபில்தோ, பழைய நகர மன்றம். அதன் மேல் மாடி வளைவுகளும் கீழ் வளைவுகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கே இளஞ்சிவப்பில் பேராலயம், உள்ளே சால்டாவின் விடுதலைப் போர் நாயகர் குவேமெஸின் அஸ்தி. அங்கிருந்து பொடிநடையில் சான் பிரான்சிஸ்கோ கோயில், ரத்தச் சிவப்பும் மஞ்சளுமாக. முகப்பைப் பார்த்தாலே போதும். சான் பெர்னார்தோ கன்னியர் மடத்தில் 1762-ஆம் வருஷத்துக் கதவு ஒன்று இருக்கிறது, பூர்வகுடித் தச்சர்கள் செதுக்கியது. மடத்துக்குள் விட மாட்டார்கள். கதவைத்தான் பார்க்கப் போகிறோம், அதனால் நஷ்டமில்லை.

14-ஆம் தேதி பிற்பகலைப் பூங்காவுக்கும் மலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சான் மார்ட்டின் பூங்காவிலிருந்து சான் பெர்னார்தோ மலைக்கு ரோப் கார் போகிறது. பத்து நிமிஷம்கூட ஆகாது. படி வழியும் உண்டு, ஆயிரத்துச் சொச்சம். மாமியாருக்குக் கட்டாயம் ரோப் கார். மேலே செயற்கை அருவி, காபிக் கடை, ஊர் முழுக்கக் காலடியில். செப்டம்பரில் மழை இருக்காது, ஆனால் வெயில் இறங்கியதும் குளிர் சட்டென்று வரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பூங்காவில் லோலா மோரா செய்த சிலை ஒன்று நிற்கிறது. அர்ஜென்டினாவின் முதல் பெரிய பெண் சிற்பி. அவர் பிறந்தது எங்கள் மாகாணத்தில் என்று சால்டாக்காரர்களும் பக்கத்து மாகாணமான துக்குமானின் ஆட்களும் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

மலையடிவாரத்தில் குதிரைமேல் குவேமெஸ். ஸ்பானியப் படைகளை வடக்கிலேயே தடுத்து நிறுத்திய கவுச்சோ (குதிரையேறும் மாடு மேய்ப்பவர்கள்) வீரர்களின் தலைவர். 1821-ல் குண்டடிபட்டுப் பத்து நாள் கழித்து இறந்தார், வயது 36. 15-ஆம் தேதி காலை, கூட்டம் சேர்வதற்கு முன், இங்கே வந்துவிடலாம். சால்டாவின் சிவப்புப் போன்சோவில் (தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை) வரும் கறுப்புப் பட்டை அவருக்கான துக்க அடையாளம் என்பார்கள். அழகான கதை, ஆதாரம் மெலிவு. எனக்கு அதைவிடப் பிடித்தது பிப்ரவரி 20 பூங்காவின் கதை. 1813-ல் அர்ஜென்டினா விடுதலைப் படைத் தளபதி பெல்கிரானோ ஸ்பானியப் படையை வென்ற களம் அது. இரு தரப்புப் பிணங்களையும் ஒரே குழியில் புதைத்து, 'வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும்' என்று எழுதிய சிலுவை ஒன்றை நட்டார். ஊர்வலம் போய் முடிவது அந்த இடத்தில்தான். 16-ஆம் தேதி நேரம் மிச்சமிருந்தால் கூட்டம் கலைந்தபின் போய்ப் பாருங்கள்.

உங்கள் டிராவல் ஏஜென்ட், பூனா மலைமேல் ஏறும் சுற்றுலா ரயிலான 'மேக ரயில்' போயே ஆக வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பாதை அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழு நாளையும் தின்றுவிடும். அது போய்ச் சேரும் பொல்வோரியா பாலம் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். மேலே வேலைக்கு வரும் இளைஞர்களே முதல் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பதைப் பார்த்தவன் நான். நான் மருத்துவன் அல்ல, ஆனால் இரண்டரை நாளில் ஒரு முதியவரையும் குழந்தையையும் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சால்டா நகரம் 1,200 மீட்டருக்குள்தான், அங்கே இந்தக் கவலை இல்லை.

கடைசியாக வயிறு. மதியம் ஒரு மணி வாக்கில் கடையை மூடினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள், சியெஸ்தா. அந்த நேரத்தில் மாத்திரை, பால் எதுவும் வாங்க அலையாதீர்கள், காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சால்டாவின் எம்பனாதா நம் சோமாசி வடிவம். கத்தியால் நறுக்கிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை உள்ளே இருக்கும். மாமியார் சைவம் என்றீர்கள். "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும், இல்லை பன்றி வரும். கார்னே என்றால் அவர்களுக்கு மாடு மட்டும்தான். "பாலாடைக்கட்டி போட்டது" என்று கேளுங்கள். உமீத்தா என்று ஒன்று உண்டு. அரைத்த பச்சைச் சோளத்தையும் பாலாடைக்கட்டியையும் சோளத் தோலில் மடித்து வேகவைப்பது. தோலைப் பிரித்ததும் ஆவியோடு வரும் வாசனை மாமியாருக்குப் பிடித்துவிடும். கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், 'கிராசா' என்பதுதான் அதற்கு வார்த்தை.